பென்குவின் பாக்கெட்டில் அடங்குமா?

பென்குவினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸைக் கற்பது, லினக்ஸ் போன் அமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில். ஒரு முன்குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு ஆள்.

ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவதே லினக்ஸ்தான் என்கிறார்கள். அப்படியானால் என் பையில் இருப்பது லினக்ஸ் போன்தானே? (ஈரோடு வாசகர்)

அடியில் ஓடுவது உண்மை. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலிருந்தே கெர்னல் என்ற மையப்பகுதி லினக்ஸ்தான். 2017-ல் வந்த ஜியோபோனின் கைஓஎஸ்ஸும் அதே கெர்னல் மேல்தான் ஓடியது. ஆனால் கெர்னலுக்கு மேலே நடப்பதெல்லாம் கூகுளும் போன் கம்பெனியும் வைத்த சட்டம். எந்த ஆப்பை நீக்கலாம், எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று யாரோ தீர்மானிக்கிறார்கள். நீங்கள் ‘சம்மதம்’ பட்டனை மட்டும் அமுக்குகிறீர்கள். கணினியில் ஓடும் டெபியன், ஆல்பைன் என்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றே போனிலும் ஓடி, நிர்வாகி பாஸ்வேர்டு உங்கள் கையில் இருந்தால் அதைத்தான் ஆர்வலர்கள் லினக்ஸ் போன் என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவரே முதலாளியாகவும் இருக்கிற போன்.

உபுண்டு, மிண்ட், டெபியன், ஃபெடோரா... ஒரு லினக்ஸுக்கு ஏன் இத்தனை பெயர்? (கரூர் வாசகர்)

இதை உங்கள் ஊர்க்காரர் கேட்கலாமா? லாரி கம்பெனியிலிருந்து வருவது சேசிஸ் மட்டும். கரூருக்கு வந்துதான் அது பஸ் ஆகிறது. ஒருவர் புஷ்பேக் சீட் வைப்பார், ஒருவர் டவுன் பஸ்ஸாக்கி நிற்க இடம் விடுவார். லினஸ் டோர்வால்ட்ஸ் குழு தருவது கெர்னல் என்ற சேசிஸ். அதற்கு மேல் குனு கருவிகள், திரை, மென்பொருள் நிறுவும் முறை எல்லாம் சேர்த்து பாடி கட்டியவை டிஸ்ட்ரோக்கள். டெபியன் 1993-ல் தொடங்கியது. அதன்மேல் உபுண்டு 2004-ல் வந்தது. உபுண்டுவின்மேல் மிண்ட். புதிதாக ஏறுகிறவர்களுக்கு மிண்ட் வசதி.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் சும்மா தருகிறார்கள்? எங்கோ இடிக்கிறதே! (விருதுநகர் வாசகர்)

வியாபார ஊர்க்காரருக்கு வரவேண்டிய சந்தேகம்தான். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாகவும் அது பெரிதாக வராது என்றும் இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். 1992-ல் அதை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். யாரும் எடுத்து ஓட்டலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றிய மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். இன்று கெர்னலுக்கு நிரல் எழுதுகிறவர்களில் பலர் இன்டெல், ரெட்ஹாட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். தனித்தனியாக ஒரு கெர்னல் எழுதுவதைவிடக் கூட்டாக எழுதுவது அவர்களுக்கு மலிவு. தர்மம் கொஞ்சம், கணக்கு நிறைய. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் லினக்ஸ்தான். 2021-ல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரிலும் அதுவே. பெரிதாக வராது என்று சொன்னது மட்டும்தான் தப்பாகப் போயிற்று.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நேராகப் போனில் இறங்கிவிடலாமா? (திருநெல்வேலி மாணவர்)

கூடாது. போனில் ஏதாவது சிக்கினால் அதை மீட்பதே டெர்மினல் வழியாகத்தான். அந்த டெர்மினலே பழக்கமில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? முதலில் ஒரு பழைய லேப்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஊரில் பாதி லேப்டாப்புகளை விண்டோஸ் 11 வேண்டாம் என்று தள்ளிவிட்டது. அவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். மிண்ட் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்புங்கள். லைவ் முறையில் ஓட்டும்வரை உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாது. ஒரு வாரம் பழகிவிட்டு, பிடித்தால் நிறுவலாம். பிடிக்காவிட்டால் பென்டிரைவில் பாட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

2012 வாக்கில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் பரணில் கிடக்கிறது. உதவுமா? (புதுக்கோட்டை வாசகி)

உதவும். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சி-டாக் உருவாக்கிய இந்திய டிஸ்ட்ரோ அது. முதல் நாளே அதை அழித்துவிட்டு இரண்டு பக்கமும் விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரர்கள் புண்ணியத்தில் ஒரு தலைமுறை லினக்ஸைத் திறந்து பார்க்காமலே கல்லூரி முடித்தது. தூசு தட்டுங்கள். ராம் 2 ஜிபிதான் என்றால் மிண்ட் மூச்சு வாங்கும்; எம்எக்ஸ் லினக்ஸ் அல்லது லுபுண்டு போடுங்கள். முடிந்தால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள். வித்தியாசம் பூட் ஆகும்போதே தெரியும்.

என்னிடம் லேப்டாப்பே இல்லை. ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான். (தர்மபுரி மாணவி)

எஃப்-டிராய்டு என்ற ஆப் களஞ்சியத்திலிருந்து டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பிளே ஸ்டோரில் கிடைப்பதைவிட அங்கே இருப்பதுதான் முழுமையானது. ரூட் செய்ய வேண்டாம், போனின் மற்ற ஆப்கள் எதையும் பாதிக்காது. ‘பிகேஜி அப்டேட்’ என்று ஆரம்பித்து, ‘பிகேஜி இன்ஸ்டால் பைதான்’ என்றால் பைதானும் வந்துவிடும். விசைப்பலகை மட்டும் சோதிக்கும். ஒரு ஓடிஜி வயரும் சாதாரண யுஎஸ்பி கீபோர்டும் கிடைத்தால் அந்தப் போனே பாடசாலை.

என் மகன் போனில் கருப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக ஏதோ ஓடுகிறது. ஹேக்கர் ஆகிவிட்டானா? (மதுரை, கவலையுடன் ஓர் அம்மா)

மேலே உள்ள பதிலைப் படித்திருக்கிறான். விடுங்கள். ரீல்ஸ் பார்ப்பதைவிட இது தேவலாம்.

எத்தனை கட்டளை மனப்பாடம் செய்ய வேண்டும்? (சேலம் வாசகர்)

பத்து போதும். ‘பிடபிள்யூடி’ நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லும். ‘எல்எஸ்’ இங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். ‘சிடி’ வேறு ஃபோல்டருக்குப் போக. ‘எம்கேடிர்’ புதிய ஃபோல்டர். ‘சிபி’ நகல், ‘எம்வி’ இடமாற்றம், ‘ஆர்எம்’ அழிப்பு. ‘லெஸ்’ கோப்பைத் திறந்து படிக்க, ‘கிரெப்’ கோப்புக்குள் தேட, ‘மேன்’ இவை ஒவ்வொன்றின் கையேட்டையும் பார்க்க. பதினொன்றாவதாக ஒரு விசை: டேப். பெயரில் இரண்டு எழுத்து அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். பல வருஷ அனுபவசாலிகள் வேகமாக டைப் அடிக்கிறார்கள் என்று நினைக்கிறீர்களே, முக்கால்வாசி டேப்தான்.

பாஸ்வேர்டு கேட்கிறது. டைப் அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போய்விட்டதா? (நாகர்கோவில் வாசகர்)

கீபோர்டு பத்திரம். பக்கத்தில் நிற்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே திரை மௌனமாக இருக்கிறது. நம்பி அடித்து என்டர் தட்டுங்கள்.

‘சுடோ’ போட்டால் எல்லாம் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் என்ன? (கோவை வாசகர்)

நிர்வாகி அதிகாரத்தில் ஓடுவதால் எல்லாம் நடக்கும், அதுதான் பிரச்சினை. சாதாரணப் பயனராக நீங்கள் செய்யும் தப்பு உங்கள் கோப்புகளோடு நிற்கும். சுடோ போட்டுச் செய்யும் தப்பு இயங்குதளத்தையே சாய்க்கும். ‘ஆர்எம் -ஆர்எஃப்’ கேள்வி கேட்காமல் ஃபோல்டரோடு அழிக்கும். குப்பைத்தொட்டி, மீட்பு எதுவும் கிடையாது. மொத்த அமைப்பின் வேரான ஒற்றைச் சாய்கோட்டைக் கொடுத்தால் இப்போதைய ‘ஆர்எம்’ மறுத்துவிடும். அதற்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி சேர்ந்துவிட்டால் மறுக்காது. எனவே யாராவது ‘இந்த ஒரு வரியை அடி, போன் வேகமாகும்’ என்று சுடோவில் தொடங்கும் வரியை அனுப்பினால், முதலில் ‘மேன்’ போட்டுப் படியுங்கள். அப்புறம் அனுப்பியவரிடம் பேசுங்கள்.

‘சிஎச்மாட் 755’ என்று எல்லா வழிகாட்டியிலும் வருகிறது. 755 என்ன ராசி எண்ணா? (வேலூர் மாணவர்)

கோப்பு அனுமதிகளின் கூட்டல் கணக்கு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. படிக்க, இயக்க மட்டும் என்றால் 5. முதல் இலக்கம் கோப்பின் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது ஊருக்கு. 755 என்றால் நான் எதுவும் செய்வேன், மற்றவர்கள் படிக்கலாம், ஓட்டலாம், கைவைக்க முடியாது. 644 என்றால் நான் படிப்பேன், திருத்துவேன், மற்றவர்கள் படிக்க மட்டும். 777 என்று பரிந்துரைக்கும் வழிகாட்டியை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். வாசல், கொல்லை, பீரோ மூன்றையும் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போகச் சொல்கிறார்.

‘விஐ’ எடிட்டருக்குள் போய்விட்டேன். வெளியே வரத் தெரியவில்லை. (அனுப்பியவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் போலும், ஊர் பெயர் இல்லை)

எஸ்கேப் விசை. பிறகு முக்காற்புள்ளி, ‘க்யூ’, ஆச்சரியக்குறி, என்டர். வெட்கப்படாதீர்கள். விஐ 1976-ல் பில் ஜாய் எழுதியது. அதன் வழிவந்த விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியை ஒரு தொழில்நுட்பத் தளத்தில் 2017-க்குள் பத்து லட்சம் தடவை பார்த்துவிட்டார்கள். இனி ‘நானோ’ எடிட்டரைப் பயன்படுத்துங்கள். வெளியேறும் வழியைக் கீழேயே எழுதி வைத்திருக்கும்.

எல்லாவற்றையும் மவுஸிலேயே செய்யலாமே, இந்தக் கட்டளைகளால் என்ன லாபம்? (பொள்ளாச்சி வாசகர்)

ஓர் உதாரணம் போதும். போனில் இடம் நிரம்பிவிட்டது. எது தின்றது? டெர்மக்ஸில் ‘டெர்மக்ஸ்-செட்அப்-ஸ்டோரேஜ்’ கொடுத்து அனுமதி தாருங்கள். ‘சிடி ஸ்டோரேஜ்/ஷேர்டு’ என்று உள்ளே போங்கள். ‘டியூ -எஸ்எச் *’ ஒவ்வொரு ஃபோல்டரும் எத்தனை எம்பி என்று சொல்லும், ஆனால் கன்னாபின்னா வரிசையில். அதன் பின்னால் ஒரு நேர்க்கோடு போட்டு ‘சார்ட் -எச்’ என்று சேருங்கள். முதல் கட்டளையின் விடை இரண்டாவதற்குள் போய், சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்பட்டு வரும். கடைசி வரியில் நிற்பதுதான் குற்றவாளி. அந்த நேர்க்கோட்டுக்குப் பைப் என்று பெயர். டக் மெக்கில்ராயின் யோசனை. 1973-ல் பெல் ஆய்வகத்து யுனிக்ஸில் வந்தது. டியூவுக்கு வரிசைப்படுத்தத் தெரியாது, சார்ட்டுக்கு அளக்கத் தெரியாது. இருவரையும் பேச வைத்தது நீங்கள். இந்த ருசி பிடித்துவிட்டால் மவுஸ் தானாக ஓரம் போகும்.

சரி, போனுக்கு வாருங்கள். இந்தியாவில் லினக்ஸ் போன் எப்போதாவது விற்றதுண்டா? (சென்னை வாசகர்)

வரிசையாக விற்றது. 2014-ல் இன்டெக்ஸின் கிளவுட் எஃப்எக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸோடு 1,999 ரூபாய். 2015 ஜனவரியில் சாம்சங் இசட்1, டைசனோடு 5,700 ரூபாய். 2016-ல் இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ், செயில்ஃபிஷ் ஓஎஸ்ஸோடு 5,499 ரூபாய். செயில்ஃபிஷ் செய்த ஜொல்லா, நோக்கியாவின் மீகோ குழுவிலிருந்து வெளியேறியவர்கள் 2011-ல் பின்லாந்தில் தொடங்கியது. மூன்றுமே லினக்ஸ் கெர்னல், மூன்றும் நிற்கவில்லை. விலையில் தோற்கவில்லை; ஆப் கடையில் தோற்றன. வேண்டிய ஆப் எங்கே என்று கேட்டுவிட்டு ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள்.

உபுண்டு செய்த கேனோனிக்கல் நிறுவனமும் 2013-ல் எட்ஜ் என்ற போனுக்கு 3.2 கோடி டாலர் திரட்டப் பார்த்து, 1.28 கோடியோடு நின்றது. 2017-ல் தன் போன் இயங்குதளமான உபுண்டு டச்சையே கைவிட்டது. அதை யுபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு எடுத்து இன்றுவரை நடத்துகிறது. கம்பெனி கைவிட்டாலும் நிரல் சாகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது எந்தப் போன் வாங்கலாம்? (ஓசூர் பொறியாளர்)

லினக்ஸுக்கென்றே பிறந்தவை என்றால் பைன்64-ன் பைன்போன், பியூரிசத்தின் லிப்ரெம் 5. பைன்போன் 2020-லிருந்து சுமார் 150 டாலருக்கு விற்றது. பின்மூடியைக் கழற்றினால் வரிசையாக ஆறு குட்டி ஸ்விட்ச்: மோடம், வைஃபை, மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்போன். மைக் ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் எந்த ஆப் அழுதாலும் மைக் கேட்காது. மெமரி கார்டில் இயங்குதளம் இருந்தால் முதலில் அதிலிருந்தே கிளம்பும். எனவே கார்டை மாற்றி மாற்றிப் புதுப்புது டிஸ்ட்ரோ பார்க்கலாம். கற்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான போன் கிடையாது. ஆனால் 2 ஜிபி ராம், ஆமை வேகம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவு. லிப்ரெம் 5 விலையைக் கேட்டால் இன்னும் யோசிப்பீர்கள்.

அதனால் என் சிபாரிசு: செகண்ட் ஹாண்ட் ஒன்பிளஸ் 6 அல்லது போக்கோ எஃப்1. இரண்டிலும் ஸ்னாப்டிராகன் 845. 2018-ல் வந்தவை, ஆர்வலர்கள் அதிகம் உழைத்திருக்கும் சிப் அது.

எந்த இயங்குதளம் போடுவது? (தஞ்சாவூர் வாசகர்)

மூன்று வழி. உபுண்டு டச்: பழகச் சுலபம், நிறுவுவதற்கே ஒரு ஜன்னல் மென்பொருள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான போன்களில் ஆண்ட்ராய்டின் டிரைவர்களையே அடியில் வைத்துக்கொண்டு ஓடுவதால் கேமரா முதலியன ஓரளவு வேலை செய்யும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்: 2017-ல் தொடங்கியது, ஆல்பைன் லினக்ஸ் மேல் கட்டியது, ஒரு போன் பத்து வருஷம் உழைக்க வேண்டும் என்பது இலட்சியம். மொபியன்: அசல் டெபியன், மிண்டில் மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளை அப்படியே செல்லும். வேலை நடந்தால் போதும் என்பவர் முதலாவதையும், கற்கத்தான் வந்தேன் என்பவர் மற்ற இரண்டில் ஒன்றையும் எடுக்கலாம். திரைக்கு ஃபாஷ், பிளாஸ்மா மொபைல் என்று தேர்வு உண்டு. முதல்முறைக்கு ஃபாஷ்.

ஒன்பிளஸ் 6 கிடைத்துவிட்டது. படிப்படியாகச் சொல்லுங்கள். (திருப்பூர் வாசகர்)

முதலில் போனில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வையுங்கள். போனைக் கிளப்பும் பூட்லோடரின் பூட்டைத் திறந்த கணமே உள்ளே இருப்பது அத்தனையும் அழியும். கெஞ்சினாலும் திரும்பாது.

செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யுஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் போடுங்கள். லேப்டாப்பில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஏடிபி ஃபாஸ்ட்பூட்’. வயரை மாட்டி ‘ஏடிபி டிவைசஸ்’ என்று கேளுங்கள். போனில் அனுமதி கேட்கும், கொடுங்கள். பட்டியலில் போன் தெரியவில்லையா? பத்தில் ஒன்பது பேருக்கு வயர்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்களைத் தூர வையுங்கள்.

‘ஏடிபி ரீபூட் பூட்லோடர்’, பிறகு ‘ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்’. போனில் எச்சரிக்கை வரும். வால்யூம் விசையால் நகர்ந்து பவர் விசையால் ஒப்புக்கொள்ளுங்கள். இதோடு வாரண்டி மீதி இருந்தாலும் அதை மறந்துவிடலாம்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று பூட், ஒன்று முழு அமைப்பு. இறக்கியதும் ‘ஷா256சம்’ போட்டு, அங்கே கொடுத்திருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். அமுக்கி வைத்த கோப்பை விரித்து, மாடலின் பக்கத்தில் சொன்ன வரிசையிலேயே ‘ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ்’ கட்டளைகளைக் கொடுங்கள். வரிசையில் உங்கள் சொந்தக் கற்பனையைச் சேர்க்க வேண்டாம்.

போன் கிளம்பியதும் பாஸ்வேர்டு கேட்கும்: 147147. உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு அது. முதல் வேலையாக டெர்மினலில் ‘பாஸ்டபிள்யூடி’ அடித்து மாற்றுங்கள். போனின் குட்டி விசைகளில் அவதிப்பட வேண்டாம். யுஎஸ்பி வயரை லேப்டாப்பில் மாட்டி, போனில் ‘எஸ்எஸ்எச்’ சேவை ஓடினால் அதன் வழியாக ‘யூசர்’ என்ற பெயரில் 172.16.42.1 முகவரிக்குள் போனால் போன் முழுவதும் லேப்டாப் கீபோர்டுக்கு அடங்கும். மென்பொருள் நிறுவ ‘சுடோ ஏபிகே ஆட்’. ஆண்ட்ராய்டு ஆப் கோப்புக்கும் இந்த ஏபிகேவுக்கும் உறவில்லை, அதைக் கொண்டுவந்து போடாதீர்கள். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள்.

போக்கோ எஃப்1-க்கும் இதேதானா? (கடலூர் வாசகர்)

இரண்டு இடத்தில் நில்லுங்கள். ஒன்று, சியோமியில் பூட்டைத் திறக்க அவர்கள் கணக்கில் பதிந்து, அவர்கள் சொல்லும் நாள்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை பயிற்சி. இரண்டு, போக்கோ எஃப்1 வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கம்பெனித் திரைகளில் ஒன்று இருக்கும்: டியான்மா அல்லது ஈபிபிஜி. இரண்டுக்கும் பூட் கோப்பு வேறு. மாற்றிப் போட்டால் திரை சரிவராது. போன் செத்துவிட்டது என்று நீங்கள் துக்கம் காக்க, அது உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்.

போன் செங்கல் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (காரைக்குடி வாசகர்)

ஃபாஸ்ட்பூட் திரை வருகிறது என்றால் போன் சாகவில்லை. பழைய ஆண்ட்ராய்டைத் திரும்பப் போடவும் வழி உண்டு. ஆரம்பிக்கும் முன்பே உங்கள் மாடலின் அசல் மென்பொருளை இறக்கி வைத்திருந்தால். பூட்லோடர் பகுதியையே அழிப்பது, வேறு மாடல் கோப்பைப் போடுவது, பாதியில் வயரைப் பிடுங்குவது: இந்த மூன்றையும் செய்யாதவர்களிடம் செங்கல் அபூர்வம்.

ஜியோ சிம் போட்டேன். இன்டர்நெட் வருகிறது, கால் போகவில்லை. (ராமநாதபுரம் வாசகர்)

ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. குரலும் 4ஜி வழியாகவே போக வேண்டும். அதற்கு வோல்ட்டி வேலை செய்ய வேண்டும். பைன்போனின் மோடத்தில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் லினக்ஸ் போடும்போதோ, கம்பெனியின் மூடிய மென்பொருளில் இருந்த அந்த வித்தையைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. பல மாடல்களில் முடியவில்லை. ஏர்டெல் போன்று 2ஜி இன்னும் ஓடும் சிம்மைப் போட்டால் ‘ஹலோ’ கேட்க வாய்ப்பு அதிகம்.

ஜிபே, போன்பே ஓடுமா? (திருச்சி மளிகைக்கடைக்காரர்)

கடையை நம்பி இருக்கிறீர்கள், ஒளிக்காமல் சொல்கிறேன்: ஓடாது. வேடிராய்டு என்ற ஏற்பாட்டில் ஆண்ட்ராய்டையே லினக்ஸுக்குள் ஒரு பெட்டியில் ஓட்டலாம். சாதாரண ஆப்கள் பல ஓடும். ஆனால் யுபிஐ ஆப் இரண்டு சோதனை வைக்கும். இது கூகுள் ஒப்புக்கொண்ட போனா என்று கேட்கும். பிறகு உங்கள் சிம்மிலிருந்து தானே ஓர் எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும். பெட்டிக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டுக்குச் சிம்மே தெரியாது. இரண்டிலும் ஃபெயில். வாட்ஸ்அப்புக்கு வழி உண்டு: முதன்மைப் போனில் கணக்கை வைத்துக்கொண்டு, லினக்ஸ் போனின் பிரவுசரில் வாட்ஸ்அப் வெப்பை இணைக்கலாம்.

கால் சந்தேகம், யுபிஐ இல்லை, கேமரா அரைகுறை, பேட்டரி மாலைக்குள் காலி. பிறகு எதற்கய்யா இந்தப் போன்? (கும்பகோணம் வாசகர், கோபத்துடன்)

கோபம் நியாயம். தினசரிப் போனாக வேண்டாம். ஆனால் கம்பெனி அப்டேட்டை நிறுத்தி, ‘இது பழசு, புதுசு வாங்கு’ என்று சொன்ன போனில் நல்ல திரை, பேட்டரி, வைஃபை, எட்டு கோர் பிராசசர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதை வீட்டுக் கோப்புகளுக்கு ஒரு சர்வர் ஆக்கலாம். மின்சாரம் போனாலும் பேட்டரியில் நிற்கும் சர்வர் வேறு எங்கே கிடைக்கும்? பைதான் பழகலாம், மின்னூல் படிக்கலாம், பாட்டு கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு போன் கிளம்பும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ‘டிமெசெஜ்’ அடித்து வரி வரியாகப் பார்க்கலாம். உங்கள் கையில் உள்ள புத்தம்புது போன் அதை உங்களுக்குக் காட்டாது.

தமிழில் படிக்க ஏதாவது உண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

உண்டு. 2012-லிருந்து வரும் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் அவர்கள் வெளியிட்ட லினக்ஸ் நூல் இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழிக் கூட்டங்கள் நடத்துவதால் கடல் ஒரு தடையில்லை. கேள்வி கேட்கும்போது மட்டும் ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். எந்த மாடல், என்ன கட்டளை, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பாதிப் பேருக்கு அந்த மூன்றை எழுதும்போதே விடை கிடைத்துவிடும்.

ஒரே வரியில் முடிவாகச் சொல்லுங்கள்: லினக்ஸ் போனுக்கு மாறலாமா? (பலர்)

மாற வேண்டாம், சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றாடப் போன் அன்றாட வேலைக்கு இருக்கட்டும். அலமாரியில் கிடக்கும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் நூற்றுக்கும் இருநூற்றுக்கும் தள்ளிவிடும் முன்பு, அதன் மாடல் பெயர் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பட்டியலிலோ உபுண்டு டச் பட்டியலிலோ இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால், விற்காதீர்கள்.